குளக்கரைப் பூங்காவுல நிகழ்ச்சி நடத்தணுமா, இல்ல எதையாச்சும் சரி பண்ணணுமா? கோவைக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல்லயே ஒன்னு சொல்லிடறேன், கோயமுத்தூர்ல நாங்க ஏரின்னு சொல்ல மாட்டோமுங்க, குளம்தான். உக்கடம் பெரியகுளம் 300 ஏக்கருக்கு மேல, வெளியூர்ச் சொந்தக்காரங்க பார்த்தா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தண்ணியா கெடக்குதேன்னுவாங்க, ஆனா நமக்கு அது குளம்தான். அதனால இதுல குளம்னே எழுதறேன், ஏரிக்காரங்க ஏரின்னு படிச்சுக்கோங்க, வேலை ரெண்டுக்கும் ஒன்னுதான்.

நான் இன்ஜினியரும் இல்ல, சமூக சேவகரும் இல்ல. சுகர் வந்ததுக்கப்புறம் டாக்டர் நடக்கச் சொன்னாரு, வீட்டுப் பக்கத்துல குளக்கரை இருந்துச்சு, நடந்தேன், அவ்வளவுதான் ஆரம்பம். நடக்குற பாதையில படிக்கட்டுல 3-வது படி உடைஞ்சிருந்துச்சு, ஒரு பாட்டி அதுல கால் வெச்சு விழுந்தாங்க, அதுல இருந்துதான் இந்த வேலையெல்லாம். குளத்தோட பேரு வேண்டாம், ஏன்னா நடுவுல நடுவுல சில பேரைப் பத்தி நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கு.

எல்லாரும் என்ன பண்றாங்கன்னா, பூங்காவுக்கு ஏதாச்சும் செய்யணும்னு தோணுன உடனே மேடை, மைக்செட், பேனர்னு போயிடறாங்க. அது கடைசியில வரவேண்டியது. குழாயில இருந்து ஆரம்பிங்க. ஏன்னு போகப் போகத் தெரியும்.

படி 1: ஒரு வாரம் சும்மா நடங்க, ஒரு நோட்டு வாங்குங்க

20 ரூபாய் நோட்டு போதும். போன்ல எழுதிக்கலாம்னு தோணும், வேண்டாம், போன்ல எழுதுனது போன்லயே செத்துப் போயிரும். ஒரே குளத்துக்கரைக்கு மூணு நேரத்துல போகணும், விடியக்காலை 6 மணி, மத்தியானம் 2 மணி, ராத்திரி 8 மணி. மூணும் மூணு வேற ஊரு மாதிரி இருக்கும். காலையில வாக்கிங் போறவங்களும் நாய் கூட்டிட்டு வர்றவங்களும், மத்தியானம் நெழலுக்கு வந்து பெஞ்சுல படுக்குற டெலிவரி தம்பிங்களும் தூய்மைப் பணியாளர் அக்காங்களும், ராத்திரி பார்த்தா குடும்பத்தோட வர்றவங்க ஒரு பக்கம், பாட்டிலோட வர்றவங்க இன்னொரு பக்கம். இந்த மூணு கூட்டத்துக்கும் வேணுங்கிறது வேற வேற. காலைக் கூட்டத்தை மட்டும் கேட்டா ஓபன் ஜிம்மும் இன்னும் நாலு லைட்டும் கேப்பாங்க. மத்தியானக் கூட்டத்துக்கு வேண்டியது ஒரு குடிதண்ணிக் குழாயும் கக்கூஸும்தான், ஆனா அவங்களை யாரும் கேக்கறதில்ல.

நோட்டுல என்ன எழுதணும்? என்ன ஒடஞ்சிருக்கு, எங்க, எந்த நாள் பார்த்தீங்க. "லைட் எரியல"ன்னு எழுதாதீங்க, "மேற்கு வாசல்ல இருந்து 4-வது கம்பம், அதுல எழுதியிருக்குற நம்பர் இது, 3 நாளா எரியல"ன்னு எழுதுங்க. அப்படியே குளத்தையும் பாருங்க, தண்ணி எங்க இருந்து உள்ள வருது, மதகு (தண்ணியைத் தெறந்து விடற கதவு) எது, கலங்கல் (நெறைஞ்ச தண்ணி வழிஞ்சு போற எடம்) எந்தப் பக்கம், சாக்கடை எந்த எடத்துல கலக்குது. இதைப் பத்தி தெரிஞ்சுக்காம பூங்கா வேலை பண்றது, வீட்டுக்கூரை ஒழுகும்போது திரைச்சீலை மாத்துற கதைதான்.

நம்ம ஊருக்குளம் எல்லாம் தனித்தனிக் குட்டை இல்லைங்க. நொய்யல்ல இருந்து அணைக்கட்டு வழியா வாய்க்கால் பிரிஞ்சு, ஒரு குளம் நெறைஞ்சா கலங்கல் வழியா அடுத்ததுக்குப் போற மாதிரி பழைய ஆளுங்க கோர்த்து வெச்சிருக்காங்க. செல்வசிந்தாமணி நெறைஞ்சா பெரியகுளத்துக்கு, பெரியகுளம் நெறைஞ்சா வாலாங்குளத்துக்கு. அதனால உங்க குளத்துல பாலித்தீன் மிதக்குதுன்னா பாதி மேல இருக்குற குளத்துல இருந்து வந்ததா இருக்கும், வாய்க்காலைப் பார்க்காம கரையை மட்டும் கூட்டிட்டு இருந்தா ஒவ்வொரு மழைக்கும் மறுபடி மொதல்ல இருந்துதான்.

படி 2: இது யாருதுன்னு கண்டுபிடிங்க

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமதான் எங்களுக்கு மொத 4 மாசம் வீணாப் போச்சு. ஒரு ஆபீஸ்ல குடுத்தா அங்க போங்கன்னாங்க, அங்க போனா இங்க வாங்கன்னாங்க. தப்பு எங்க மேலயும் இருக்கு, கரை ஒருத்தரது, தண்ணி ஒருத்தரது, மீன் குத்தகை இன்னொருத்தரதுன்னு எங்களுக்குத் தெரியாது.

பொதுவா தமிழ்நாட்டுல 100 ஏக்கரும் அதுக்கு மேலயும் ஆயக்கட்டு (அந்தத் தண்ணி பாயுற வயல்) இருக்குற குளம் நீர்வளத்துறைகிட்ட, முன்னாடி பொதுப்பணித்துறைக்குள்ள இருந்துச்சே அதுதான். அதுக்குக் கம்மியா இருந்தா ஊராட்சி ஒன்றியம். ஆனா கோவை மாநகராட்சிக்குள்ள கதை வேற, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி, சிங்காநல்லூர் மாதிரியான குளங்களை 2010 வாக்குல பொதுப்பணித்துறைகிட்ட இருந்து மாநகராட்சி 90 வருஷக் குத்தகைக்கு வாங்கிடுச்சு. அப்புறம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல நடைபாதை, சைக்கிள் பாதை, லைட்டு, செல்ஃபி எடுக்குற எடமெல்லாம் வந்துச்சு. அதனால இந்தக் குளங்கள்ல பூங்கா சம்பந்தப்பட்டது எல்லாமே மாநகராட்சிதான். மாநகராட்சி எல்லை தாண்டிட்டா நீர்வளத்துறையா ஒன்றியமான்னு பார்க்கணும்.

சந்தேகமா இருந்தா தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல சர்வே நம்பர் போட்டு அ-பதிவேடும் (நெலம் என்ன வகை, யாருதுங்கிற கணக்கு) புலப்படமும் (அளவு வரைபடம்) எடுத்துடுங்க. அதுல குளமா, வாய்க்காலா, யாரு பேருல இருக்குன்னு வரும். இன்னொரு உபயோகம், குளத்தோட எல்லை எதுன்னு கையில இருக்கும், நாளைக்கு யாராச்சும் ஓரத்துல ஷெட்டு போட்டா "அது எங்க பட்டா எடம்"னு சொன்னதும் நீங்க பேயறைஞ்ச மாதிரி நிக்க வேண்டியதில்ல. ஆக்கிரமிப்புக்குத் தனியா 2007-ல வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமே இருக்கு. ஆனா ஆரம்பத்துலயே ஆக்கிரமிப்பைத் தொடாதீங்க, பூங்கா வேலை அப்படியே நின்னு போயிரும். பேப்பரை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க.

படி 3: ஆள் சேர்க்குறது

7 பேர் போதும். வாட்ஸ்அப் குரூப்புல 200 பேர் இருக்குறது பெருமைதான், அதுல 190 பேரு குட்மார்னிங் அனுப்புவாங்க. அந்த 7 பேர்ல கண்டிப்பா இருக்க வேண்டியவங்கன்னு நான் நெனைக்கறது, மீன் பிடிக்குறவங்கள்ல ஒருத்தர், பக்கத்துக் கோயில்லயோ பள்ளிவாசல்லயோ இருந்து ஒருத்தர், கரையோரம் டீக்கடையோ சோளக்கடையோ வெச்சிருக்குறவர், ஒரு காலேஜ் புள்ள, அப்புறம் ரிட்டயர் ஆன ஆபீஸ்காரர் ஒருத்தர். கடைசி ஆள் தங்கம், மனு எழுதறதும் ஃபைலைத் தேடறதும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு, நேரமும் இருக்கும்.

மீன்காரரை ஏன் மொதல்ல சொன்னேன்னா, குளத்தோட ஆழம், எங்க சேறு, எந்த மாசம் தண்ணி எந்தக் கல் வரைக்கும் ஏறும், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாங்க மொத வருஷம் அவரைக் கேக்காம கரைச்சரிவுல 60 செடி நட்டோம், ஐப்பசி மழைக்கு அதுல 40 தண்ணிக்குள்ள போயிருச்சு. "என்னையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே கண்ணு"ன்னு சிரிச்சாரு. இப்ப அவர் கை காட்டாம ஒரு குழி தோண்டறதில்ல.

படி 4: மொத நிகழ்ச்சி ரெண்டே மணி நேரம்

ஞாயித்துக்கிழமை காலையில 6:30-ல இருந்து 8:30, குளக்கரை சுத்தம் பண்றது. இதுக்கு மேல மொத தடவை எதுவும் வேண்டாம். நம்ம ஊர்ல இதுக்கு நல்ல முன்னுதாரணம் இருக்குதுங்க, 2013 கோடையில பெரியகுளம் வறண்டு கெடந்தப்ப சிறுதுளி அமைப்பும் மாநகராட்சியும் மத்த அமைப்புகளும் கூப்பிட்டு வாராவாரம் ஜனம் திரண்டு வந்து தூர் வாருனாங்க, காலேஜ் பசங்க, ஐடி ஆளுங்க, கடைக்காரங்கன்னு மம்புட்டியோட நின்னது கோவையில பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அப்புறம் 2017-ல இருந்து கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஏதாச்சும் ஒரு குளத்துல வேலை செய்யறாங்க, வெள்ளலூர் குளத்துல அவங்க வளர்த்த மியாவாக்கி காட்டையும் (நெருக்கமா மரம் நட்டு வளர்க்குறது) பட்டாம்பூச்சிப் பூங்காவையும் ஒருக்கா போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் இங்க 10 பக்கம் எழுதறதை விட அது நல்லாப் புரிய வைக்கும். அவங்ககிட்ட இருந்து நான் கத்துக்கிட்டது ஒன்னே ஒன்னுதான், கெழமை மாறக்கூடாது. மழையோ, கிரிக்கெட் ஃபைனலோ, 4 பேர் வந்தாலும் அந்த ஞாயித்துக்கிழமை நடக்கணும்.

கையில இருக்க வேண்டியது: தடிமனான ரப்பர் கையுறை (மெடிக்கல் கடை மெல்லிசுது 10 நிமிஷத்துல கிழிஞ்சுரும்), பழைய அரிசிச் சாக்கு, மம்புட்டி 2, கொக்கி போட்ட நீளக் கம்பு, கண்ணாடிக்குன்னு தனியா ஒரு பெயின்ட் பக்கெட். ஒடைஞ்ச பீர் பாட்டிலைச் சாக்குல போட்டீங்கன்னா தூக்கற ஆளோட தொடையைக் கிழிச்சுரும், எங்க குரூப்புல ஒருத்தருக்கு 5 தையல். செருப்போட யாரையும் விடாதீங்க, ஷூ இல்லைன்னா கரைமேல பேர் எழுதற வேலை குடுங்க. கால்ல கையில வெட்டுக்காயம் இருக்குறவங்க தண்ணிப் பக்கமே போகக்கூடாது, சாக்கடை கலக்குற குளத்துல எலிக்காய்ச்சல் வர்றதுக்கு அது போதும், அப்புறம் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட குளத்துல எறங்குனதை மறக்காம சொல்லணும்.

முக்கியமா பண்ணக்கூடாதது, குப்பையைக் குவிச்சு வெச்சுட்டு போட்டோ எடுத்துட்டு போயிடறது. லாரி வராது. வாரத்துக்கு முன்னாடியே வார்டு சுகாதார ஆய்வாளர்கிட்ட நேர்ல போய், எத்தனை மணிக்கு, எந்த வாசல்ல, எத்தனை சாக்கு வரும்னு சொல்லிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு போன் பண்ணுங்க. மக்குறது, மக்காதது, கண்ணாடி மூணையும் பிரிச்சே குடுங்க, இல்லைன்னா அந்தத் தூய்மைப் பணியாளர் அக்காதான் அதை மறுபடி கையால பிரிக்கணும்.

ஆகாயத்தாமரை பத்தித் தனியா சொல்லணும். அதுல 100-க்கு 90 பங்குக்கு மேல தண்ணிதான், ஈரத்துல பயங்கர வெயிட்டு. நாங்க ஒரு காலையில 30 பேர் சேந்து மூச்சு வாங்க இழுத்து, கரை ஓரமாவே மலை மாதிரி குவிச்சுட்டு, பெருமையா வீட்டுக்குப் போயிட்டோம். புதன்கிழமை ராத்திரி கொட்டுச்சு பாருங்க மழை, வியாழக்கிழமை வந்து பார்த்தா குவியல்ல பாதி மறுபடி தண்ணிக்குள்ள, பச்சைப் பசேல்னு, பூ வேற பூத்திருக்கு. அன்னைக்கு ஒரு பாட்டி "நீங்க அதுக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி விட்டீங்களாக்கும்"னு கேட்டாங்க. அதுல இருந்து கரைக்கு அக்கட்ட, தண்ணி மட்டத்துல இருந்து 20 அடி தள்ளிதான் போடறது, காய வெச்சு அப்புறம் எடுத்துடறது. இன்னொன்னு, சாக்கடை கலக்குற வரைக்கும் அது வந்துட்டேதான் இருக்கும், அதோட தீனியே அந்தச் சாக்கடைதான்.

படி 5: ஒரு மனுவுக்கு ஒரு விஷயம்

இங்கதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. "பூங்காவில் அடிப்படை வசதிகள் செய்து தரக் கோரி"ன்னு 14 கோரிக்கையை ஒரே மனுவுல எழுதி, போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெச்சு, கடைசியில ஒன்னும் நடக்காது. ஏன்னா அதுல லைட்டு ஒரு பிரிவு, குழாய் இன்னொரு பிரிவு, படிக்கட்டு வேறொரு பிரிவு, அந்த மனு எந்த டேபிள்ல தங்கும்? எங்கயும் தங்காது. ஒவ்வொன்னுக்கும் தனித்தனிப் பேப்பர். எங்க 3-வது படிக்கு எங்க ரிட்டயர் ஆபீஸ்காரர் எழுதுனது இப்படித்தான் இருந்துச்சு:

"பொருள்: குளக்கரை நடைபாதை, மேற்கு நுழைவாயில் படிக்கட்டில் உடைந்த படியைச் சரிசெய்யக் கோருதல். மேற்படி படிக்கட்டில் மேலிருந்து மூன்றாவது படியின் ஓரக்கல் பெயர்ந்து சுமார் 40 செ.மீ. அகலத்துக்குக் குழி உள்ளது. கடந்த மாதம் முதியவர் ஒருவர் விழுந்து காயமடைந்தார். புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. தற்காலிகமாகத் தடுப்பு வைக்கவும், படியைச் சரிசெய்யவும் கேட்டுக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். வாழ்த்து இல்ல, புகழ்ச்சி இல்ல, கோபம் இல்ல. ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போய் ஒன்னுல சீல் வாங்கிக்கோங்க, தேதியோட. சீல் இல்லாத மனு குடுக்காத மனுதான். மண்டல ஆபீஸ்ல ஏ.இ.-கிட்ட (உதவிப் பொறியாளர்) மொதல்ல, 3 வாரம் பார்த்துட்டு மாநகராட்சி குறைதீர் கூட்டம், அதுக்கும் அசையலைன்னா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம், இல்ல 1100-க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரியில பதிவு. ஒவ்வொரு தடவையும் பழைய சீல் போட்ட காப்பியோட ஜெராக்ஸை சேர்த்துக் குடுங்க.

ஏரியா சபைன்னு ஒன்னு இருக்குதுங்க, 2022 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாடு முழுக்க நகரங்கள்ல மொத தடவை நடத்துனாங்க, 3 மாசத்துக்கு ஒருக்காவாச்சும் கூடணும். கிராம சபை மாதிரிதான், ஆனா நம்ம நகரத்து ஆளுங்களுக்கு இப்படி ஒன்னு இருக்குறதே தெரியாது. எங்க ஏரியாவுல நான் போனப்ப 25 பேர்தான். ஆள் கம்மின்னா நம்ம குரல் பெருசாக் கேக்கும், 7 பேரும் போங்க, ஒரே கோரிக்கையை வையுங்க, தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க.

பணம் இல்லைன்னு சொன்னா நமக்கு நாமே திட்டத்தைக் கேளுங்க. மதிப்பீட்டுத் தொகையில மூணுல ஒரு பங்காவது பொதுமக்களோ கம்பெனியோ போட்டா மீதி அரசு போடும். பெஞ்சு, கழிப்பறை, வேலி மாதிரி வேலைக்குச் சரியா வரும். ஆனா பணத்தை நீங்க கையில வாங்கி வெச்சுக்காதீங்க, நேரா மாநகராட்சிக் கணக்குல கட்டச் சொல்லுங்க, இல்லைன்னா ஒரு வருஷத்துல உங்க பேருக்குப் பின்னாடி ஒரு கதை சுத்தும்.

வேலைக்கு டெண்டர் விட்டாங்களா, பில் போட்டாங்களான்னு தெரியலைன்னா ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் தரணும். கேள்வியைச் சின்னதா வெச்சுக்கோங்க. "ஏன் செய்யல"ன்னு கேட்டா பதில் வராது, "இந்தத் தேதிக்கும் இந்தத் தேதிக்கும் நடுவுல இந்தப் பூங்கா பராமரிப்புக்கான பணி ஆணையின் நகல் தருக"ன்னு கேளுங்க.

படி 6: எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாது

இது என் சொந்தக் கருத்து, சண்டைக்கு வர்றவங்க வரலாம். இங்க ஸ்மார்ட் சிட்டியில குளங்களைப் புதுப்பிச்சதுக்கு கோவைக்கு தேசிய அளவுல பரிசெல்லாம் வந்துச்சு, வாலாங்குளம் பக்கம் சாயங்காலம் போனா குழந்தை குட்டியோட அவ்வளவு ஜனம், முன்னாடி மூக்கைப் பொத்திட்டுப் போன எடம் அது. அதை இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா கரையெல்லாம் கல்லும் கான்கிரீட்டுமா ஆக ஆக, தண்ணி ஓரத்துல கோரைப்புல்லும் சேறும் இருந்த எடம் போயிருது, நாமக்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டுறது அந்தக் கோரையிலதான். ராத்திரி முழுக்கக் கலர் லைட்டு அடிச்சா பறவை எங்க தூங்கும்?

அதனால லைட்டு கேக்கும்போது பாதையை மட்டும் பார்த்து கீழ விழற மாதிரி, மஞ்சள் நிறமா, தண்ணிப் பக்கம் அடிக்காத மாதிரின்னு கேளுங்க. கரையில ஒரு பக்கமாச்சும் ஆள் போகாத பக்கமா விடச் சொல்லுங்க. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல நகர்ப்புறப் பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமா அறிவிச்சாங்க, அங்க போனா புரியும், பூங்காவுக்கு ராட்டினமும் நீரூற்றும் இருந்தே ஆகணும்னு ஒன்னும் இல்ல.

தாராளமாக் கேக்கலாம்னு நான் சொல்றது: கழிப்பறை (பொம்பளைங்களுக்குப் பூட்டாம தெறந்திருக்குறது), குடிதண்ணி, வீல்சேர் போற சரிவுப்பாதை, மூடி போட்ட குப்பைத்தொட்டி, தண்ணி ஓரத்துல கயிறு கட்டுன மிதவை வளையம், "ஆழம்"னு பெருசா எழுதுன போர்டு. இந்தக் கடைசி ரெண்டும் செலவு கம்மி, ஆனா யாரும் கேக்கறதில்ல, லீவு விட்டா பசங்க குதிப்பாங்க.

மரம் நடுறது. மண்கரை மேல பெரிய வேர் போற மரம் நட்டா கரைக்கு ஆபத்து, வேர் அழுகுனா அந்த ஓட்டை வழியா தண்ணி கசியும், அதனால இன்ஜினியர் வேண்டாம்னு சொன்னா வீம்பு புடிக்காதீங்க. கரைக்கு வெளிப்பக்கம், பூங்கா மண்ணுல நீர்மருது, புங்கன், நாவல், இலுப்பை, பூவரசு நல்லா வரும். அழகா பச்சையா சீக்கிரம் வளருதுன்னு கோனோகார்பஸ்ங்கிற மரத்தைக் கொண்டு வருவாங்க, வேண்டவே வேண்டாம், அதைத் தமிழ்நாட்டுல 2025 ஆரம்பத்துல தடையே பண்ணிட்டாங்க. கரைக்கு ஏத்தது பனைதான். பனங்கொட்டையைப் பாக்கெட்டுல முளைக்க வெச்சு நடலாம்னு நெனைக்காதீங்க, அது மொதல்ல கீழ்நோக்கி ஆழமா எறங்கிட்டு அப்புறம்தான் மேல வரும், பாக்கெட்டு பத்தாது. ஆவணி புரட்டாசியில பழம் விழும்போது பொறுக்கி, அடைமழைக்கு முன்னாடி 10 அடிக்கு ஒன்னு, ஒரு அடி ஆழத்துல நேரா மண்ணுலயே போட்டு மூடிருங்க. பல மாசம் ஒன்னுமே தெரியாது, செத்துப்போச்சுன்னு மறுபடி தோண்டிப் பார்க்காதீங்க. எங்க பசங்க தோண்டிப் பார்த்தே 11 கொட்டையைக் கெடுத்தாங்க.

படி 7: இப்பத்தான் பெரிய நிகழ்ச்சி

ஒரு 6 மாசம் ஞாயித்துக்கிழமை வேலை ஓடி, குழாயோ படியோ ஒன்னு சரியாயிருந்தா, இப்ப ஜனம் உங்களை நம்பும். இப்ப வையுங்க விழாவை.

நாள் தேர்ந்தெடுக்க மண்டையை ஒடைச்சுக்க வேண்டாம், ஏற்கனவே இருக்குற நாளோட ஒட்டிக்கோங்க. பொங்கலை ஒட்டி நடக்குற பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, பிப்ரவரி 2 உலக ஈரநில நாள், ஆடி 18, கோவை விழா மூடு இருக்கும்போது ஒரு நாள். ஆடி 18-க்கு பேரூர்ல நொய்யல் படித்துறைக்குப் போற ஜனம், தண்ணி சுத்தமா இருந்தா பக்கத்துக் குளத்துக்கும் வரும். மே மாசம் மத்தியானத்துல மட்டும் வைக்காதீங்க.

பறவை பார்க்குறது தான் இருக்குறதுலயே செலவில்லாத நிகழ்ச்சி, மேடை வேண்டாம், மைக் கூடவே கூடாது. பொங்கல் கணக்கெடுப்பு 2015-ல ஆரம்பிச்சது, ஒரு எடத்துல குறைஞ்சது 15 நிமிஷம் நின்னு, பார்த்த பறவையை எண்ணி ஈபேர்ட்ங்கிற பறவைக் கணக்கு ஆப்புல போடணும், அவ்வளவுதான். ரெண்டு பைனாகுலர் இருந்தா 20 பசங்களுக்குப் போதும். போன தடவை ஒரு 8 வயசுப் பொண்ணு பைனாகுலர்ல பார்த்துட்டே "அண்ணா, ஒரு பாம்பு தலையை மட்டும் தூக்கிட்டு நீந்துது"ன்னு கத்துச்சு, எல்லாரும் பயந்துட்டாங்க, பார்த்தா பாம்புத்தாரா. ஒடம்பு முழுக்கத் தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் வெளிய. பேரு எதுக்கு அப்படி வெச்சாங்கன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரவே வேண்டியதில்ல. ஆனா பொரியும் பிரெட்டும் போட விடாதீங்க, மீனுக்குக்கூட, ஊறி அழுகி தண்ணிதான் கெடும்.

கொஞ்சம் பெருசா, பாட்டு, கடைகள், குழந்தைங்க போட்டின்னு போனா பேப்பர் வேலை இருக்கு. மாநகராட்சிக்கு எடத்துக்கான அனுமதி கடிதம் ஒரு மாசம் முன்னாடியே. ஒலிபெருக்கிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல எழுத்துப்பூர்வமா அனுமதி, ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் கூடவே கூடாது, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல்தான் அளவு, ஸ்பீக்கரைக் குளத்தைப் பார்த்துத் திருப்பாதீங்க, தண்ணி மேல சத்தம் அக்கரை வரைக்கும் போகும், அக்கரை அபார்ட்மென்ட்காரங்க போன் பண்ணுவாங்க, அனுபவம். கரென்ட் தற்காலிகமா வேணும்னா இ.பி. ஆபீஸ்ல எழுதிக் குடுங்க, பூங்கா லைட் கம்பத்துல இருந்து கொக்கி போடற ஆளை உள்ளயே விடாதீங்க, ஈரமான எடம். 100 பேருக்கு மேல கூடுனா குறைஞ்சது 3 வேலைநாளுக்கு முன்னாடி உள்ளாட்சிக்குத் தெரியப்படுத்தணும், குப்பையைப் பிரிச்சுத் தர்றது நடத்துறவங்க பொறுப்புன்னு திடக்கழிவு விதியிலயே இருக்கு.

சாப்பாட்டுக் கடை வெச்சா உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்குறவங்களை மட்டும் கூப்பிடுங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து தடை பண்ணுன பிளாஸ்டிக் கப்பு, தட்டு, ஸ்ட்ரா எதுவும் உள்ள வரக்கூடாது. நாங்க தண்ணிக்கு ரெண்டு பெரிய மண்பானையும் எவர்சில்வர் டம்ளரும் வெச்சோம், டம்ளர் 12 காணாமப் போச்சு, பரவால்ல, 400 பாட்டில் பொறுக்கறதுக்கு 12 டம்ளர் தேவலை.

பட்டாசு, வானவேடிக்கை, ஹீலியம் பலூன் பறக்க விடறது வேண்டவே வேண்டாம். சிறப்பு விருந்தினர் வேணும்னா கூப்பிடுங்க, ஆனா காலையில 7 மணிக்கு ஆரம்பம்னு போட்டிருந்தா 7 மணிக்கு ஆரம்பிச்சுருங்க. எங்க மொத விழாவுல ஒரு பிரமுகருக்காக வெயில்ல 80 பள்ளிக்கூடப் பசங்களை ஒன்றரை மணி நேரம் நிக்க வெச்சோம், ரெண்டு பசங்க மயக்கம் போட்டு விழுந்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடம் எங்க கூட வரல. நியாயம்தான்.

மொதலுதவிப் பெட்டி, 108, தண்ணி ஓரத்துல நீச்சல் தெரிஞ்ச ரெண்டு பேர். நீச்சலுக்கு மீன்காரரையே கூப்பிடுங்க, அன்னைக்கு அவருக்கு சம்பளம் குடுங்க, சும்மா சால்வை போர்த்தி அனுப்பாதீங்க.

படி 8: விழா முடிஞ்ச மறுநாள்

மறுநாள் காலையில 6 மணிக்கு அதே 7 பேர் சாக்கோட போகணும். புல்லுக்குள்ள கெடக்குற ஐஸ்கிரீம் குச்சி, தோரணம் கட்டுன நைலான் கயிறு, குண்டூசி, எல்லாம். நைலான் கயிறை விட்டுட்டா ஏதாச்சும் ஒரு கொக்கு காலுல மாட்டும். அந்த வாரத்துக்குள்ள அனுமதி குடுத்த ஆபீசுக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரு நன்றிக் கடிதம், கூடவே வரவு செலவு ஒரு பக்கத்துல எழுதி டீக்கடைச் செவுத்துல ஒட்டிருங்க. யாரும் கேக்கலைன்னாலும் ஒட்டுங்க.

நோட்டை மறுபடி எடுங்க. மாசத்துக்கு ஒரு நாள் மொத்தக் கரையையும் சுத்தி வந்து, சரியானதை டிக் பண்ணி, புதுசா ஒடைஞ்சதை எழுதுங்க. எங்க 3-வது படி மனு குடுத்து 5 மாசம் கழிச்சு சரியாச்சு, நல்ல கருங்கல்லு, பூச்சும் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு விழுந்த பாட்டி இப்பவும் வர்றாங்க, ஆனா அந்தப் படியில மட்டும் கால் வைக்காம ரெண்டாவதுல இருந்து நேரா நாலாவதுக்குத்தான் எறங்குறாங்க, கையைப் புடிச்சுக்கறேன்னு சொன்னாலும் கேக்கறதில்ல. போன வாரம் கிழக்கு வாசல் குடிதண்ணிக் குழாய் திருகாணி கழண்டு சொட்டிட்டு இருந்துச்சு, நோட்டுல எழுதிட்டேன், செவ்வாய்க்கிழமை சீல் வாங்கணும்.